எண்ணும் ஒலியும்

கணினியின் அருகே, ஒரு சிறு நூலின் அளவினதாய், உலோகத்தால் ஆன பெட்டி ஒன்று இன்று பல இல்லங்களின் மேசைகளில் இடம்பெற்றுள்ளது. அதன் முகப்பில் ஒரு குமிழ். குமிழின் அருகே ஹெட்போனைச் சொருகுவதற்கு ஒரு துளை. பின்புறத்தில் கணினியிலிருந்து வரும் யூஎஸ்பி வடத்திற்கு ஒரு வாய். காண்பதற்கு எளிய இப்பெட்டிக்குள் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. ஒன்று, கணினி தரும் எண்களை மின்னலையாக மாற்றுவது. கடைகளில் இதனை ‘டாக்’ என வழங்குவர். மற்றொன்று, அம்மின்னலைக்கு வலிமையூட்டி ஹெட்போனை இயக்கும் பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபையர்.

உடன்பிறந்தவை போல ஒரே கூட்டில் வாழ்ந்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறு குலத்தில் தோன்றியவை. இரண்டனுள் எதுவும் இசைக்காகத் தோன்றியதன்று என்பது வியப்புக்குரியது. தொலைபேசிக்காகவும், கப்பற்படைக்காகவும், போர்க்கால இரகசியத்திற்காகவும் அறிஞர் பலர் உழைத்து எழுப்பிய வீட்டில் இசை பின்னாளில் வந்து குடியேறியது. வீடு கட்டியவருள் சிலர் அதன் நிழலில் ஒரு நாளேனும் அமர்ந்தாரில்லை. அவர்தம் வரலாறே ஈண்டுக் கூறப்படுகின்றது.

ஹெட்போனின் கதையே முற்பட்டது. 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்னியல் பொருட்காட்சியில், கிளெமென்ட் ஆடேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே இசையைத் தொலைவிலிருந்தோர்க்குக் கேட்கச் செய்தார். காதுக்கு ஒன்றாக இரு கேட்புக் குழல்களைப் பிடித்துக்கொண்டு நின்றோர், பாடுவோர் மேடையில் இடமிருந்து வலமாக நடப்பதையும் செவியால் உணர்ந்தனர். 1890இல் இது வணிகமாயிற்று. 1895இல் இலண்டனிலும் இத்தகைய சேவை தொடங்கி 1925 வரை நடந்தது. ஆயினும் இவையெல்லாம் செல்வர்தம் பொழுதுபோக்கு. ஹெட்போன் உண்மையில் உரம் பெற்றது தொலைபேசி நிலையங்களில் பணியாற்றிய பெண்களின் தலையிலும், கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி கேட்ட பணியாளரின் தலையிலுமே ஆகும்.

அக்காலத்தில் பெருக்கி என ஒன்று வழக்கில் இல்லை. வானில் மிதந்து வரும் நுண்ணிய மின்னலையை அப்படியே செவியிற் கொணர வேண்டியிருந்தது. ஆகவே கேட்புக் கருவியே மிகக் கூரிய உணர்ச்சி உடையதாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் இதனைச் செய்து முடித்தார். 1910ஆம் ஆண்டு அவர் தம் ஹெட்போன்களை அமெரிக்கக் கப்பற்படைக்கு அனுப்பி வைத்தார். படையினர் சோதித்துப் பார்த்து வியந்து மேலும் வேண்டினர். பால்ட்வினோ, ஒரு முறைக்குப் பத்துக்கு மேல் செய்து தர இயலாது என்றார். அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை! பின்னர் அவர் பெருந்தொழிலதிபராக உயர்ந்ததும், 1924ஆம் ஆண்டு அந்நிறுவனம் நொடித்துப் போனதும் தனிக்கதை. அவர் 1961இல் மறைந்தார்.

இனி எண்களின் கதைக்கு வருவோம். இதன் நாயகர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1930களில் அவர் பாரிஸ் நகரில், பன்னாட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவரை வாட்டிய வினா ஒன்றே: நெடுந்தொலைவுத் தொலைபேசியில் இரைச்சலை எவ்வாறு ஒழிப்பது?

கம்பி வழியே செல்லும் குரல் தொலைவு கூடக்கூட நலிவடையும். ஆதலின் வழியில் இடையிடையே பெருக்கிகளை வைத்து அதனைத் தூக்கி நிறுத்துவர். ஆனால் பெருக்கி குரலை மட்டும் பெருக்குவதில்லை. குரலோடு கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. அடுத்த பெருக்கி அவ்விரைச்சலையும் தன் இரைச்சலையும் கூட்டி அனுப்பும். பழைய ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். முதற்படியில் நேர்ந்த பிழையை இரண்டாம் படி எழுதுவோன் அறியான். அதனோடு தன் பிழையையும் சேர்ப்பான். பத்தாம் படியில் மூலம் எது, பிழை எது என்று பிரித்தறிய ஒண்ணாது.

1937ஆம் ஆண்டு ரீவ்ஸ் கண்ட வழி துணிவானது. குரலை அலையாக அனுப்பவே வேண்டா; ஒவ்வொரு வினாடியும் பல்லாயிரம் முறை அவ்வலையின் உயரத்தை அளந்து, அவ்வளவுகளை எண்களாக அனுப்புவோம் என்றார் அவர். அவ்வெண்களும் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே குறிகளால் ஆனவை. வழியில் உள்ள நிலையம் வந்த குறி உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்து, அதனைப் புதிதாக எழுதி அனுப்பும். மங்கிய எழுத்தாயினும் அஃது இன்ன எழுத்தென்று தெரிந்துவிட்டால் தூய எழுத்தாகவே மீண்டும் எழுதலாமன்றோ? பிழை சேர்ந்து வளர இடமேயில்லை. 1938இல் பிரான்சில் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கருத்து இருந்தது, கருவி இல்லை. அக்கால வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இதனை இயற்றப் புகின் செலவு மலையளவாகும். டிரான்சிஸ்டர் பிறந்ததோ 1947ஆம் ஆண்டின் இறுதியில். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒரே இணைப்பில் 24 குரல்களை எண்வடிவில் அனுப்பும் முறையை வணிக வழக்கிற்குக் கொணர்ந்தது 1962இல். அதற்குள் ரீவ்ஸ் பெற்ற பிரெஞ்சுக் காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது. 1969இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை இம்முறையைப் போற்றி அஞ்சல்தலை வெளியிட்டது. 1971இல் ரீவ்ஸ் மறைந்தார். இன்று ஒலிக்கும் தொலைபேசிக் குரலிலும் இசைத்தட்டிலும் கணினிப் பாடலிலும் அவருடைய கருத்தே உறைந்திருப்பினும், அவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர்?

கருவி முற்றிலும் இல்லை என்றும் கூறிவிட முடியாது. செலவைப் பொருட்படுத்தாத ஒருவர் அதனைச் செய்தே பார்த்தார். அவர் பெயர் போர். இரண்டாம் உலகப் போரின்போது வாஷிங்டனும் இலண்டனும் பகைவர் ஒட்டுக்கேளாவண்ணம் உரையாடுவதற்கென அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் ‘சிக்சலி’ என்னும் பொறியைப் படைத்தது. 1943 ஜூலை 15ஆம் நாள் அது பணிக்கு வந்தது. பேச்சைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வலிமையையும் வினாடிக்கு 50 முறை அளந்து, ஆறு படிகளுள் ஒன்றாகக் குறித்து, அவற்றோடு இரகசிய எண்களைக் கூட்டி அனுப்பினர். அவ்விரகசிய எண்கள் இசைத்தட்டுகளில் பதியப்பட்டிருந்தன. இரு நகரங்களிலும் ஒரே வகைத் தட்டு ஒரே நேரத்தில் சுழல வேண்டும். பயன்பட்டபின் அழிக்கப்பட வேண்டும். ஒரு நிலையத்தின் பொறி மட்டும் ஏறத்தாழ 50 டன் எடை. இலண்டன் பொறியை வைக்க இடம் தேடி, செல்ஃப்ரிட்ஜஸ் என்னும் பெருங்கடையின் நிலவறையில் வைத்தனர். மேலே மக்கள் துணிமணி வாங்க, கீழே உலகின் தலைவிதி எண்களாகிக் கொண்டிருந்தது. 1976 வரை இச்செய்தி வெளியாகவில்லை. அன்று 50 டன் பொறி பேச்சினை ஒருவாறு விளங்கும்படி மட்டுமே மீட்டுத் தந்தது. இன்று விரல்நகத்தினும் சிறிய சில்லு ஒன்று முழு இசைக் குழுவையே மீட்டுத் தருகிறது.

அலையை எத்தனை முறை அளந்தால் போதும்? அமெரிக்காவில் ஹாரி நைக்விஸ்ட் 1928இலும், சோவியத் நாட்டில் கோட்டெல்னிகோவ் 1933இலும் ஆராய்ந்த இவ்வினாவுக்குக் கிளாட் ஷானன் 1949இல் தெளிவான நிறுவலை வழங்கினார். மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேல் அளந்தால், அலையைக் குறைவின்றி மீட்கலாம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். ஆகவே வினாடிக்கு 40,000 அளவைக்குச் சற்று மேல் வேண்டும்.

குறுந்தட்டில் இவ்வெண் 44,100 என அமைந்துள்ளது. ஏன் இந்த விந்தையான எண்? இதன் விடை தொலைக்காட்சியில் உள்ளது. எண்வடிவ ஒலியைத் தேக்கி வைக்க 1970களில் தகுந்த கருவி வேறு இன்மையால், படம் பதியும் வீடியோ நாடாக் கருவியிலேயே படத்திற்குப் பதிலாக எண்களைப் பதிந்தனர். அமெரிக்க, சப்பானிய முறையில் வினாடிக்கு 60 படப்புலம். புலத்திற்குப் பயன்படும் கோடுகள் 245. கோட்டிற்கு மூன்று அளவை. 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3. அதன் விடையும் 44,100! ஆறாம் ஆண்டு மாணவனும் பெருக்கிச் சரிபார்க்கக்கூடிய இக்கணக்கு, உலக இசைப் பதிவின் அளவுகோலாக நிலைத்துவிட்டது. வீடியோ நாடா மறைந்துபோயிற்று; அதன் கோடுகளின் எண்ணிக்கை மட்டும் பாடல்களில் இன்றும் வாழ்கிறது.

எண்வடிவ ஒலிப்பதிவில் சப்பானியர் முன்னே நின்றனர். 1967இல் அந்நாட்டு ஒலிபரப்புக் கழகமான என்எச்கே முதற்பதிவுக் கருவியைக் காட்டியது. 1972இல் டெனான் நிறுவனம் இசைத்தட்டு வெளியீட்டுக்கே இம்முறையைக் கையாண்டது. ஆயினும் எண்ணை மீண்டும் அலையாக்கும் மாற்றியைப் பற்றிய சுவைமிக்க நிகழ்ச்சி, சோனியும் பிலிப்ஸும் கூடிக் குறுந்தட்டின் விதிகளை வகுத்தபோது நேர்ந்தது.

ஒவ்வோர் அளவையையும் எத்துணை நுட்பமாகக் குறிப்பது என்பதே வழக்கு. நெதர்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது. அதாவது 16,384 படிகள். சப்பானிய சோனி 16 பிட் வேண்டும் என்று உறுதியாக நின்றது. அது 65,536 படிகள், நான்கு மடங்கு நுட்பம். சோனியின் கட்சியே வென்றது. பிலிப்ஸுக்கு இதனால் பெருஞ்சங்கடம். ஏனெனில் அது 14 பிட் மாற்றிச் சில்லை முன்னரே வடிவமைத்து முடித்திருந்தது. செய்ததை எறிவதா, எஞ்சிய காலத்தில் புதியது காண்பதா?

பிலிப்ஸ் பொறியியலாளர் இரண்டையும் செய்யவில்லை. வினாடிக்கு 44,100 எண்கள் வருகின்றன அல்லவா? அடுத்தடுத்த இரு எண்களுக்கிடையே மூன்று எண்களைக் கணக்கிட்டு இடைச்செருகி, வினாடிக்கு 1,76,400 எண்களாக்கினர். நுட்பம் குறைந்ததால் விளையும் பிழை இப்போது நான்கு மடங்கு அகலமான பரப்பில் பரவியது. அதோடு ஒவ்வோர் எண்ணிலும் வெட்டப்பட்ட மீதியை அடுத்த எண்ணோடு சேர்த்து ஈடுசெய்து, அப்பிழையின் பெரும்பகுதியைச் செவிக்கு எட்டாத உயரத்திற்குத் தள்ளிவிட்டனர். பிழை அழியவில்லை, கேளாத இடத்திற்குக் குடிபெயர்ந்தது. 14 பிட் சில்லு 16 பிட்டுக்கு நிகரான ஒலியைத் தந்தது.

சோனியின் முதற்கருவி 1982 அக்டோபர் முதல் நாள் சப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அதில் 16 பிட் மாற்றி இருந்தது உண்மை. ஆனால் இரு செவிக்கும் சேர்த்து ஒன்றே இருந்தது. ஒரு கணம் இடச்செவிக்கு, மறுகணம் வலச்செவிக்கு என அது மாறிமாறி உழைத்தது. இதனால் இரு பக்க ஒலிக்கும் இடையே ஒரு வினாடியின் பத்திலட்சத்தில் 11 கூறு அளவு பிந்துதல் நேர்ந்தது. ஒலி காற்றில் அந்நேரத்தில் செல்லும் தொலைவு நான்கு மில்லிமீட்டர்தான்! ஒலிப்பெட்டியைச் சிறிது நகர்த்தினாலே தோன்றும் வேறுபாடு அது. இருப்பினும் கருவி ஆராய்வோர் அதனைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

இறுதியில் நிலைபெற்றது எது? நெருக்கடியில் பிறந்த பிலிப்ஸின் உத்தியே. குறைந்த பிட், மிகுந்த வேகம், பிழையை மேலே தள்ளுதல் என்னும் அக்கொள்கை 1980களின் இறுதியில் ஒரே ஒரு பிட் வரையிலும் சென்றது. இன்று விற்கப்படும் மாற்றிச் சில்லுகளுள் பெரும்பாலானவை அவ்வழி வந்தவையே. விதிகள் வகுத்த கூட்டத்தில் தோற்ற கட்சி, ஆய்வுக்கூடத்தில் வென்றது.

குறுந்தட்டுக் கருவி வரவேற்பறையில் இருந்தது. ஒலி கணினிக்குள் புகுந்து மேசைக்கு வந்ததில் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூருக்குப் பெரும்பங்கு உண்டு. நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிம் வோங் ஹூ, 1981ஆம் ஆண்டு தம் பள்ளித் தோழர் இங் காய் வாவுடன் கூடிக் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்னும் சிறு நிறுவனத்தைச் சைனாடவுன் வட்டாரத்தில் தொடங்கினார். அவர் ஹார்மோனிகா வாசிப்பவர். ஆதலின் பேசவும் பாடவும் வல்ல கணினி வேண்டும் என்பது அவர் கனவு. 1986இல் அவர்கள் செய்த, சீனமொழி பேசும் கணினி விலைபோகவில்லை. மனந்தளராது கணினியை விட்டுவிட்டு, கணினிக்குள் பொருத்தும் ஒலி அட்டையில் கருத்தைச் செலுத்தினர். 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ வெளிவந்தது.

அதன் மாற்றி எட்டே பிட் கொண்டது, 256 படிகள், ஒற்றை ஒலிவழி. ஏழாண்டுகளுக்கு முன் வந்த குறுந்தட்டோடு ஒப்பிட்டால் அது மழலைப் பேச்சு. எனினும், அதுவரை ‘பீப்’ என்று மட்டும் கூவிய அலுவலகக் கணினி மனிதக் குரலில் பேசத் தொடங்கியது. 1992இல் 16 பிட் அட்டை வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர் நிறுவனம் என்னும் பெருமையும் கிட்டியது. சிம் 2023 ஜனவரியில் தம் 67ஆம் வயதில் காலமானார்.

மாற்றி மீண்டும் கணினியைவிட்டு வெளியேறியது ஏன்? கணினியின் உட்புறம் ஒலிக்கு உகந்த இடமன்று. விசிறி, மின்வழங்கி, நொடிக்குக் கோடிக்கணக்கில் திறந்து மூடும் மின்சுற்றுகள் யாவும் மின்னிரைச்சலை எழுப்புகின்றன. எண்ணாக இருக்கும்வரை ஒலிக்கு இவற்றால் தீங்கில்லை. அலையாக மாறிய கணமே இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணாகவே வெளியே கொணர்ந்து, அமைதியான தனிப்பெட்டியில் அலையாக்குதல் நலம். ரீவ்ஸ் தொலைபேசிக்குக் கண்ட நெறியே இங்கும் பொருந்தியது. 1996இல் யூஎஸ்பி முறை வெளிவந்ததும் ஒரே வடத்தில் எண்ணும் மின்சாரமும் சேர்ந்து வர வழி பிறந்தது. கணினிக்குள் அட்டையைப் புகுத்திய கிரியேட்டிவ் நிறுவனமே 2014இல் மாற்றியையும் ஹெட்போன் பெருக்கியையும் இணைத்து மேசைமேல் வைக்கும் பெட்டியாக வெளியிட்டது.

பெருக்கி ஏன் வேண்டும் என்பதும் விளக்கத்தக்கது. 1968இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஜெர்மானிய செனைசர் எச்டி 414 ஹெட்போனின் மின்தடை 2,000 ஓம். வீட்டிலிருந்த பெரிய ஒலிபெருக்கிச் சாதனங்கள் இதனை எளிதில் இயக்கின. 1979இல் சோனியின் வாக்மேன் வந்தது. இரண்டு சிறு மின்கலங்களால் இயங்கும் அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் ஏது? குறைந்த தடை கொண்ட ஹெட்போன்கள் பெருகின. இன்றோ 32 ஓம் ஹெட்போனும் 300 ஓம் ஹெட்போனும் ஒரே கடையில் தொங்குகின்றன. ஒரு வோல்ட் அழுத்தம் முன்னதற்கு 31 மில்லிவாட் ஆற்றல் தரும். பின்னதற்கு மூன்று மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். இவ்வேற்றுமையைத் தாங்கவல்ல தனிப் பெருக்கி இதனால் தேவையாயிற்று.

மாற்றியும் பெருக்கியும் கூடிய பெட்டிகளுள் இருவேறு துருவங்களைச் சுட்டலாம். 1991இல் செனைசர் செய்த ‘ஆர்ஃபியஸ்’ வெற்றிடக் குழாய்களும் மாற்றியும் கொண்டது. 300 மட்டுமே செய்யப்பட்டது. செல்வருள்ளும் செல்வர்க்கே உரியது. மறுதுருவம் 2011இல் தோன்றியது. தம் உண்மைப் பெயரை வெளியிடாத பொறியியலாளர் ஒருவர் ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்னும் ஹெட்போன் பெருக்கியின் சுற்றுப்படம் முழுவதையும் அளவீடுகளோடு யாவர்க்கும் வழங்கினார். எவரும் செய்துகொள்ளலாம். அடுத்த ஆண்டு அதற்கேற்ற மாற்றியையும் அமைத்துத் தந்தார். அதன்பின் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். விலையுயர்ந்த கருவியே நல்ல கருவி என்னும் வணிகரின் கூற்றை எண்களைக் கொண்டு மறுத்த அவர் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. பால்ட்வினின் சமையலறையும் ரீவ்ஸின் காலங்கடந்த காப்புரிமையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பே.

பெட்டியை மேசையில் அமைப்போர் செய்யத்தக்கன சிலவே. யூஎஸ்பி வடத்தை இணைத்தபின், கணினியின் ஒலி வெளியீடாக அப்பெட்டியைத் தேர்ந்து, கணினியின் ஒலியளவை முழுமையாக வைத்தல் வேண்டும். கணினியில் ஒலியைப் பாதியாகக் குறைக்குந்தோறும் ஒரு பிட் நுட்பம் இழக்கப்படலாம். குறைப்பதைப் பெட்டியின் குமிழிடம் விட்டுவிடுதல் நன்று. அளவை வேகத்தைப் பாடலின் வேகத்தோடு பொருத்துதல் வேண்டும்; குறுந்தட்டிலிருந்து வந்ததாயின் 44,100, திரைப்படமாயின் பெரும்பாலும் 48,000. பெருக்கியின் வெளியீட்டுத் தடை, ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்கிற்கு மிகாதிருத்தல் பொது வழக்கு.

குமிழைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சொருகும்போது அஃது இறுதிவரை இறக்கப்பட்டிருக்க வேண்டும். நல்ல பெருக்கி சிதைவின்றி உரக்க ஒலிக்கும். சிதைவு இன்மையால் உரத்த ஒலியும் உரத்ததெனத் தோன்றாது. 80 டெசிபல் அளவாயின் வாரத்திற்கு 40 மணி நேரம், 90 ஆயின் நான்கே மணி நேரம் என உலகச் சுகாதார நிறுவனம் வரையறை கூறியுள்ளது. இளையோர் அறையில் இப்பெட்டியை வைக்கும் பெற்றோர் இவ்விரு எண்களையும் எழுதி அருகே ஒட்டிவைத்தல் தகும்.

முகப்பிலுள்ள பெரிய துளை 6.35 மில்லிமீட்டர் சொருகிக்கு உரியது. 1870களின் இறுதியில், தொலைபேசி நிலையங்களில் ஒரு வீட்டின் கம்பியை மற்றொரு வீட்டின் கம்பியோடு இணைப்பதற்குப் பெண் பணியாளர் கையாண்ட சொருகியின் வழித்தோன்றலே அது.